நூரோவா விழுங்கிய சனிக்கிழமை

"இந்த வாரம் எனக்குச் சனிக்கிழமையே கிடையாது" என்று நூரோவா அறிவித்தபோது, புனா வாயில் இருந்த பன்னை மெல்ல மறந்துபோனான்.

"என்ன மச்சான், லீவு போட்டிருக்கியா?"

"லீவு போடறவன் சாதாரண மனுஷன். நான் கிழமையையே தூக்கிக் கடல்ல போடப் போறேன்."

இரண்டு பேரும் பஸ் டிரைவர்கள். ராரோடோங்கா தீவைச் சுற்றி ஒரே சாலை. நூரோவா அதில் கடிகார முள் போகிற பக்கமாக ஓட்டுவான். புனா எதிர்ப்பக்கமாக ஓட்டுவான். ஒரு சுற்று முப்பத்திரண்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இருபது வருஷமாக இப்படிச் சுற்றிச் சுற்றி, தூரம், நேரம் என்று யார் பேச்செடுத்தாலும் தன்னைக் கேட்காமல் முடிவு பண்ணக் கூடாது என்கிற எண்ணம் நூரோவாவுக்கு வந்துவிட்டது. கிளம்பின இடத்துக்கே திரும்பி வருவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது வாஸ்தவம்தான்.

சனிக்கிழமைமேல் அவனுக்கு என்ன கோபம் என்று கேட்பீர்கள். கோபம் சனிக்கிழமைமேல் இல்லை. கத்திரிக்கோல்மேல்.

நூரோவாவின் முடி, பிறந்ததிலிருந்து வெட்டப்படாத முடி. அந்தத் தீவில் ஆண்பிள்ளைக்கு முடியை வளரவிட்டு, ஒரு நல்ல நாளில் உறவையெல்லாம் கூட்டி, பன்றியைக் குழியடுப்பில் வேகவைத்து, பையனை நாற்காலியில் உட்காரவைத்து, முடியைச் சின்னச் சின்னக் குடுமிகளாகக் கட்டி, ஆளுக்கு ஒன்றாக வெட்டிவிடுவது வழக்கம். மற்றப் பையன்களுக்கெல்லாம் பத்து வயதுக்குள் முடிந்துவிடும். நூரோவாவுக்கு ஏழில் நாள் குறித்தார்கள், புயல் வந்தது. ஒன்பதில் குறித்தார்கள், தாத்தா காலமானார். பன்னிரண்டில் குறித்தார்கள், பையனையே காணோம். அதற்குள் அவனுக்கு முடிமேல் காதல் வந்திருந்தது. இப்போது நாற்பத்தாறு வயது. அவிழ்த்துவிட்டால் இடுப்பு வரைக்கும் தொங்கும், முடிந்தால் தலைமேல் இன்னொரு தலை. பஸ்ஸில் ஏறுகிற வெளியூர்ப் பெண்கள் அதைப் படம் எடுப்பார்கள். இவனும் கொண்டையை ஒருபக்கமாகத் திருப்பிக் காட்டுவான்.

கல்யாணமான பிறகு மனைவி அகைதி இரண்டு தடவை சடங்கு வைத்துப் பார்த்தாள். முதல் தடவை மலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். அடுத்த தடவை புனாவின் படகில் கடலுக்குப் போய், பன்றிக்கறி தீர்ந்த பிறகுதான் கரையேறினான். இந்தத் தடவை மாமியார் தூரெய் நேராகக் களத்தில் இறங்கிவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் அவளுக்கு எண்பதாவது பிறந்தநாள் விருந்து. "மாப்ள கொண்டை இறங்கினாத்தான் நான் கேக்கை வெட்டுவேன். கோயில்ல அந்தக் கொண்டை எனக்கு முன்னாடி உக்காந்து உக்காந்து, நம்ம போதகருக்கு மூக்கு எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு!" என்று ஊரறியச் சொல்லிவிட்டாள்.

"படகு இனிமே தர முடியாது மச்சான்" என்றான் புனா. "உன் பொண்டாட்டி வந்து துடுப்பை எடுத்துட்டுப் போயிட்டா."

"படகு யாருக்குடா வேணும்? பிளேன்ல போறேன்." நூரோவா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "இங்கேருந்து ஆக்லாந்து மூவாயிரம் கிலோமீட்டர். நாலு மணி நேரம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏர்றேன். நாலு மணி நேரம் கழிச்சு இறங்கறேன். அங்கே என்ன கிழமை?"

"சனிக்கிழமை சாயங்காலம். நடுவுல தேதிக்கோடு இருக்கே, அவங்க நமக்கு ஒரு நாள் முன்னாடி."

"இப்ப சொல்லு. சனிக்கிழமை மத்தியானம் எங்கே?"

புனா யோசித்துப் பார்த்தான். "காணோம்."

"காணோமா! என் ஆயுசுல அந்த மத்தியானமே இல்லை. இல்லாத நேரத்துல இல்லாத ஆளோட கொண்டையை எவன்டா வெட்டுவான்?"

"அது சரி. ஆனா திரும்பி வரும்போது..."

"பாத்தியா! எதிர்ப்பக்கமாவே ஓட்டி ஓட்டி உனக்குப் புத்தியும் எதிர்ப்பக்கமாவே போகுது. முன்னாடி பாருடா!"

புனா முன்னாடி பார்த்தான். பிறகு மிச்சப் பன்னை வாயில் போட்டுக்கொண்டு தன் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

வீட்டில் அகைதி அடுப்படியில் சேம்பிலை நறுக்கிக்கொண்டிருந்தாள். நூரோவா வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பெருமூச்சை வாசலிலேயே விட்டான். அது அவள் காதில் விழவில்லை. உள்ளே போய் இன்னொன்று விட்டான்.

"என்னங்க, வயித்து வலியா?"

"அண்ணன் போன் பண்ணான். ஆக்லாந்துல வீடு மாத்தறானாம். முதுகு பிடிச்சுக்கிச்சாம். ஒரு பீரோவைக்கூட நகர்த்த முடியலையாம்."

"ஐயோ பாவம். எப்ப மாத்தறார்?"

"அதுதான் சங்கடமே. இந்தச் சனிக்கிழமை."

சொல்லிவிட்டு இடி விழக் காத்திருந்தான். விழவில்லை. அகைதி கத்தியைக் கீழே வைத்தாள். அவன் கொண்டையை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் நறுக்கின வெங்காயம் இருந்ததை நூரோவா கவனிக்கவில்லை.

"கூடப் பிறந்தவராச்சே. போகாம இருக்க முடியுமா?"

"அத்தை பிறந்தநாள்..."

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"முடி..."

"முடி எங்கே ஓடிப்போகுது? உங்க தலைலதானே இருக்கு."

"நீ கோவிச்சுக்க மாட்டியே?"

"உங்கமேல கோவப்பட்டு இதுவரைக்கும் எனக்கு என்னங்க லாபம் வந்திருக்கு? டிக்கெட் நானே போட்டுடறேன். கவுன்டர்ல இருக்கறது என் சித்தி பொண்ணுதானே. எப்ப திரும்பறீங்க?"

"திங்கக்கிழமை... செவ்வாய்க்கிழமை..."

"திங்கக்கிழமை காலைல பஸ்ஸை யார் ஓட்டுவா, உங்க பீரோவா? ஞாயித்துக்கிழமை காலைல அங்கேருந்து கிளம்பிடுங்க."

நூரோவா மேஜைக்கு அடியில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். வெள்ளிக்குப் போனால் சனி. சனி முடிந்தால் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வந்து சேர்வதற்குள் விருந்து முடிந்து, பாத்திரம் கழுவி, பன்றியின் எலும்பை நாய் தின்று தீர்த்திருக்கும். பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரி தலையை ஆட்டினான்.

"சரி, உனக்காக ஞாயித்துக்கிழமையே கிளம்பிடறேன்."

"எனக்காகன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களே, அது போதுங்க எனக்கு."

வியாழக்கிழமை சாயங்காலம் அவளே அவன் முடியை அவிழ்த்து, பூ வாசனை போட்ட தேங்காயெண்ணெய் தடவி, சிக்கெடுத்துச் சீவிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைத் தொட்டது கிடையாது. "ஊருக்குப் போற முடி, நல்லா இருக்க வேணாமா?" என்றாள். நூரோவாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தான். நல்லவேளை, அந்த எண்ணம் வந்த வேகத்திலேயே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்கு வீடே திரண்டு வந்தது. மூக்கு வரைக்கும் மாலை போட்டார்கள். தூரெய்கூடத் தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"பத்திரமா போயிட்டு வா மாப்ள. நீ வராம நான் கேக்கை வெட்ட மாட்டேன்."

"எனக்காகக் காத்திருக்காதீங்க அத்தை. கேக்கு கெட்டுப்போயிடும்."

"கெடாது மாப்ள. கெடறதுக்கு அதுக்கு நேரம் இருக்காது."

விமானத்தில் ஜன்னலோர இடம். பாதிக் கடலில் நூரோவா குனிந்து கீழே பார்த்தான். நீலமாக இருந்தது. அங்கே எங்கேயோ தன்னுடைய சனிக்கிழமை மத்தியானம், பன்றி, கேக்கு, கத்திரிக்கோல் எல்லாவற்றோடும் மிதந்துபோகிறது என்று நினைத்து அதற்குக் கையாட்டினான். உலகத்தில் பெண்டாட்டியிடமிருந்து தப்பித்தவர்கள் உண்டு. மாமியாரிடமிருந்து தப்பித்தவர்களும் அபூர்வமாக உண்டு. கிழமையிடமிருந்தே தப்பித்தவன் யார்? பக்கத்து இருக்கைக்காரரிடம் இதை மூன்று தடவை விளக்கினான். நாலாவது தடவை அவர் தூங்குகிற மாதிரி நடித்தார்.

ஆக்லாந்தில் இறங்கியபோது சனிக்கிழமை சாயங்காலம். சுவரில் இருந்த கடிகாரத்தைக் கட்டித் தழுவிக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. அண்ணன் வீட்டில் எந்தப் பீரோவும் எங்கேயும் நகரவில்லை. அண்ணன் முதுகும் கல்லு மாதிரி இருந்தது. ஆட்டுக்கறி தயாராக இருந்தது. ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே நூரோவா வீட்டுக்குப் போன் போட்டான். எதிரியின் தோல்வியைக் காதால் கேட்காவிட்டால் ஜெயித்ததில் என்ன ருசி?

"என்ன அகைதி, எப்படி இருக்கு விருந்து?"

பின்னால் ஒரே அமர்க்களம். யாரோ மேளம் தட்டினார்கள், யாரோ நாற்காலி இழுத்தார்கள்.

"தடபுடலா நடக்குதுங்க ஏற்பாடெல்லாம். கூட்டம் வந்துக்கிட்டே இருக்கு."

"இன்னுமா வருது? பன்னியைக் குழியிலேருந்து எடுத்தாச்சா?"

"இன்னும் உள்ளேயே இறக்கலைங்க."

நூரோவா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மத்தியான விருந்துக்குச் சாயங்காலம் வரைக்கும் பன்றியைக் கழுவிக்கொண்டிருப்பது அந்தத் தீவில் யாருக்கும் அதிசயம் இல்லை.

"அத்தை கேக்கு வெட்டிட்டாங்களா?"

"எங்கேங்க? நீங்க வந்தாத்தான்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க."

"வயசான காலத்துல எதுக்குடி அவங்களுக்கு இந்த வீம்பு? வெட்டச் சொல்லு."

"எல்லாம் வெட்டிடலாம், நீங்க கவலைப்படாதீங்க. காலைல பிளேனை மட்டும் விட்டுடாதீங்க."

போனை வைத்துவிட்டு நூரோவா கொண்டையை ஒரு தட்டுத் தட்டினான். "அண்ணே, பாத்தியா! பொம்பளைங்க புத்திசாலிதான். ஆனா தூரமும் நேரமும் டிரைவருக்குத்தான் தெரியும்."

"அது வாஸ்தவம்" என்று அண்ணன் இன்னொரு துண்டு கறியை அவன் தட்டில் வைத்தான். ஏனோ அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணனே காரில் கொண்டுவந்து விட்டான். கட்டிப்பிடித்துக்கொண்டு, கொண்டையை மெதுவாகத் தடவிக்கொடுத்தான்.

"என்னண்ணே, என்னை வழியனுப்பறியா, முடியை வழியனுப்பறியா?"

"சின்ன வயசிலேருந்து பாத்த முடிடா" என்றான் அண்ணன்.

விமானத்துக்குள் நுழைந்ததும் நூரோவா திகைத்துப் போனான். பின்பாதி முழுக்க அகைதியின் சொந்தக்காரர்கள். தலையில் பூவளையம், மடியில் பொரித்த கோழி வாளி. ஆக்லாந்திலிருந்து கோழியில்லாமல் போனால் ஊரில் மன்னிப்பே கிடையாது. அவன் இருக்கைக்குப் பக்கத்திலேயே அகைதியின் அக்கா மீரி, சிவப்பு ரிப்பனை முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, குடும்பமே கிளம்பிட்டீங்க?"

"அம்மா பிறந்தநாளுக்குத்தான் மாப்ள."

நூரோவாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, அது நேத்தே முடிஞ்சுபோச்சு! நேத்து சாயங்காலம் அகைதிகிட்ட நானே பேசினேன். நீங்க ஒரு நாள் லேட்டு!"

மீரி பின்வரிசைக்குத் திரும்பினாள். "கேட்டீங்களா, நாம லேட்டாம்! மாப்ள சொல்றாரு."

விமானத்தின் பின்பாதி விழுந்து விழுந்து சிரித்தது. நூரோவாவும் சேர்ந்து சிரித்தான். யார் சிரித்தாலும் கூடச் சேர்ந்துகொள்வது அவனுடைய நல்ல குணம். பாவம், இத்தனை பேர் டிக்கெட் எடுத்து, கோழி வாங்கி, கழுவின பாத்திரத்தைப் பார்க்கப் போகிறார்களே என்று உள்ளூர இரக்கம்கூடப் பட்டான். பாதி வழியில் பொழுதுபோகாமல் கேட்டான்.

"இவ்வளவு ரிப்பன் எதுக்குக்கா?"

"குடுமி கட்டத்தான். ஆளுக்கு ஒண்ணு வேணுமே. ஊர்ல இருக்கறவங்களையும் சேர்த்து இருபத்தேழு பேர் இருக்கோம்."

"ஓ, சடங்கா? எந்தப் பையனுக்கு?"

"இருக்கான் ஒருத்தன். கொஞ்சம் முத்தின பையன்."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கரகரத்தது. "பயணிகள் கவனத்துக்கு. இன்னும் சிறிது நேரத்தில் ராரோடோங்காவில் இறங்குகிறோம். மூவாயிரம் கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகவே கடந்திருக்கிறோம். அங்கே இப்போது சனிக்கிழமை, காலை பதினோரு மணி."

நூரோவா பணிப்பெண்ணைக் கூப்பிட்டான். "அம்மா, கேப்டன் தப்பாச் சொல்றார். சனிக்கிழமை நேத்து. நான் என் கண்ணால பாத்தேன்."

"அது ஆக்லாந்துல சார். இங்கே இன்னிக்குத்தான் சனிக்கிழமை."

"நான் ஞாயித்துக்கிழமை ஏறினேம்மா!"

"எல்லாரும் ஞாயித்துக்கிழமைதான் சார் ஏறினாங்க. பெல்ட்டைப் போட்டுக்குங்க."

பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். வேறு என்ன செய்வது? இருபது வருஷம் ஒரே பக்கமாக ஓட்டினவனுக்கு, போகும்போது முன்னால் ஓடின கிழமை திரும்பும்போது பின்னால் ஓடும் என்று தோன்றவே இல்லை. அது தோன்றின ஒரே டிரைவரை அவன் பேசவிடவில்லை. மலை இல்லை, படகு இல்லை. முன்னால் மேகம், பக்கத்தில் மீரி. கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாமா என்று பார்த்தான். அங்கே வாசலில் ஒரு மைத்துனன் நின்றுகொண்டு சிநேகமாகக் கையாட்டினான்.

விமான நிலையத்திலிருந்து வெளியே வர ஒரே வாசல். அந்த வாசலில் மேளம், மாலை, தடியோடு தூரெய், பூப்போட்ட உடையில் அகைதி, வேதப் புத்தகத்தோடு போதகர்.

"வாங்க வாங்க, சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டீங்க!"

"அகைதி, என்னை ஏமாத்திட்டே! நேத்து விருந்து நடக்குதுன்னு சொன்னே!"

"ஏற்பாடு நடக்குதுன்னு சொன்னேன். எனக்கு வெள்ளிக்கிழமைங்க. இங்கே என்ன கிழமைன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வெட்டறதா இருந்தா இங்கேயே பிடிச்சு வெட்டியிருக்கலாமேடி! எதுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் அனுப்பி வச்சே?"

"இங்கே விட்டா மலை ஏறுவீங்க, கடல்ல இறங்குவீங்க, நான் எங்கேன்னு தேடறது? பிளேன்ல ஏத்திட்டா எந்த வாசல்ல எத்தனை மணிக்கு வருவீங்கன்னு சித்தி பொண்ணு சொல்லிடுவா. நடுவுல குதிக்கவும் முடியாது. உங்க அண்ணன் வேற, ஏத்தி விட்டாச்சுன்னு போன் பண்ணிட்டார்."

"அண்ணனுமா?"

"போகும்போது ஒரு சனிக்கிழமையை முழுங்கினீங்கல்ல? வரும்போது கக்கித்தாங்க ஆகணும்."

கூட்டம் சிரித்து ஓய்ந்தது. அப்போதுதான் நூரோவாவுக்கு அந்த யோசனை வந்தது. மின்னல் மாதிரி வந்தது. அவன் நிமிர்ந்து நின்றான். அந்தத் தீவில் ஞாயிற்றுக்கிழமை யாரும் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார்கள்.

"போதகரே, நீங்களே நியாயம் சொல்லுங்க. நான் இன்னிக்குக் காலைல கண் முழிச்சது ஞாயித்துக்கிழமைல. என் உடம்புக்கு இன்னிக்கு ஓய்வுநாள். ஓய்வுநாள்ல வேலை செய்யலாமா?"

மேளம் நின்றுவிட்டது. தூரெய் போதகர் பக்கம் திரும்பினாள். அகைதி முகத்தில்கூட ஒரு நிமிஷம் கலவரம் தெரிந்தது. கல்யாணமான பதினைந்து வருஷத்தில் நூரோவா அதைப் பார்த்தது அன்றுதான். அவன் நெஞ்சு மாலையைத் தள்ளிக்கொண்டு விரிந்தது.

போதகர் தாடையைச் சொறிந்துகொண்டார். "நியாயமான கேள்வி. ஓய்வுநாள்ல வேலை செய்யக் கூடாது."

"அப்படிச் சொல்லுங்க!"

"நீ ஒரு வேலையும் செய்யாதே மகனே. நாற்காலில சும்மா உக்காந்திரு. வேலை செய்யப் போறவங்களுக்கெல்லாம் இன்னிக்குச் சனிக்கிழமைதான்."

அவ்வளவுதான். மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது.

வீட்டு முற்றத்தில் நாற்காலிமேல் தூரெய் கையால் தைத்த பூப்போர்வை விரித்திருந்தது. இருபத்தேழு குடுமி, இருபத்தேழு ரிப்பன். முதல் குடுமியைத் தூரெய் வெட்டி, மருமகன் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, "இப்பத்தான்டா நீ பெரியவனானே" என்று அழுதேவிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக ஆடிக்கொண்டே வந்து வெட்டினார்கள். புனா வெட்டும்போது, "சொல்ல வந்தேன் மச்சான், நீதான் முன்னாடி பாக்கச் சொன்னே" என்று காதில் சொன்னான். பாட்டு ஏறிக்கொண்டே போயிற்று. இத்தனை பேருக்குத் தன்மேல் இத்தனை ஆசை இருந்ததா என்று நூரோவாவுக்கு நாற்பத்தாறு வயதில் முதல்முதலாகத் தெரிந்தது. வெட்கமில்லாமல் அழுதான். சந்தோஷமாகவும் இருந்தது, பிடரியில் காற்று பட்டுக் கூச்சமாகவும் இருந்தது. கடைசிக் குடுமியை அகைதி வெட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"அழகா இருக்கீங்க" என்றாள். அது பொய்யில்லை.

அந்த ஒரு வார்த்தையில் நூரோவாவுக்குப் போன வீரமெல்லாம் திரும்பி வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றான். கூட்டத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான். "கொண்டை போனா என்ன? ஆம்பளைக்கு அழகு இது!" என்று மீசையை ஒரு முறுக்கு முறுக்கினான்.

அகைதி கத்திரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. அந்த மீசையை அப்போதுதான் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள்.

"அடுத்த சனிக்கிழமைக்கு எந்த ஊருக்குங்க டிக்கெட் போடட்டும்?"